முப்பத்திரண்டு நிமிடம்

முத்தன்துறையிலிருந்து ஆனைக்கோட்டைக்கு விமானம் விட்ட அன்று காலை, ஐந்தே காலுக்குக் கிளம்பிய பேருந்து, எட்டே காலுக்குப் போய்ச் சேர வேண்டியது, பத்து நாற்பத்து மூன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. டயர் வெடிக்கவில்லை, ரயில்வே கேட் மூடவில்லை, எந்தக் கட்சியும் மறியல் செய்யவில்லை, ஓட்டுநர் என்றைக்கும்போல அறுபதிலேயேதான் ஓட்டினார். அறுபத்தோராவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி, அறுபத்திரண்டாவது கல் வருவதற்குள், நடத்துநர் சுடலைக்கண்ணு எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்து, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, சன்னலுக்கு வெளியே பார்த்தால், இருபது வருடமாக அந்தத் தடத்தில் போய்வரும் அவர் ஒரு நாளும் கண்டிராத உடைமரக் காடும், காட்டுக்கு நடுவே கொக்கு நிற்கும் ஒரு குளமும் வந்துகொண்டே இருந்தன. எழுந்து முன்னால் போய், "அண்ணாச்சி, இந்தக் குளம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். "அரைமணி நேரமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு, நீ போய் உக்காரு" என்றார் ஓட்டுநர்.

மேலே அதே தூரத்தை விமானம் முப்பத்திரண்டு நிமிடத்தில் கடந்திருந்தது. மூன்று மணி நேரத்தில் அதைக் கழித்தால் மிச்சம் இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம், பேருந்து தாமதமானதும் அதே இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி யாரும் வரவில்லை. பின்சீட்டில் இருந்த பெண்கள் விரல்விட்டு எண்ணியே சொல்லிவிட்டார்கள்.

முதல் மாதம் விமானம் ஒரு நாள் போனது, மறுநாள் வந்தது. அடுத்த மாதம் தினமும் போய் வந்தது. கூட்டம் கூடக்கூட அந்த ஒரே விமானத்தைப் பகல் முழுக்க அனுப்பி அனுப்பி வாங்கி, மாசி முடிவதற்குள் ஐந்து தடவை போய் ஐந்து தடவை வருகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நடை ஒன்றுக்கு இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் சாலையில் விழுந்தது. பத்து நடைக்குப் பேருந்து இருபத்தேழு மணி நாற்பது நிமிடம் ஓடியது, இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் ஓடியது. கோடைமழையில் விமானம் இரண்டு நடை ரத்தான ஒரு நாள் மட்டும் சாலை ஐந்து மணி நேரம் சுருங்கி, பேருந்தில் இருந்தவர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே ஊர் வந்து இறங்கினார்கள்.

ஊர் இதை எப்படித் தாங்கிக்கொண்டது என்று கேட்டால், நம் ஊர் எதைத்தான் தாங்கிக்கொள்ளாமல் விட்டது? முதல் வாரம் திட்டினார்கள், இரண்டாம் வாரம் புளிச்சோறு கட்டினார்கள், மூன்றாம் வாரம் அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவே நீண்டு கிடந்த அந்த இடத்துக்கு இழுவை என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்துவிட்டால் நமக்குப் பாதிக் கோபம் போய்விடும். இழுவைக்குள் டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் புரோட்டாக்கடை வந்தது, கடைக்கு எதிரே ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள், மறுவாரமே அதற்குச் சற்றுத் தள்ளி மாதா சிலை வைத்த ஒரு கெபி எழும்பியது, இரண்டுக்கும் நடுவே மூன்று கட்சிக் கொடிக்கம்பங்கள் முளைத்தன. மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே சமையல்காரரோடு பேருந்து ஏறினார்கள். கைக்குழந்தையோடு ஏறியவள் பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பேருந்திலேயே பார்த்தாள். அந்தக் குளத்தில் மீன்பாசி ஏலம்கூட நடந்தது, ஏலம் விட்டது அரசாங்கம், அந்தக் குளமே இல்லை என்று எழுதிக் கொடுத்ததும் அதே அரசாங்கம்.

இத்தனை பேரும் பழகிக்கொண்ட இழுவைக்குத் தங்கபுஷ்பம் மட்டும் பழகவில்லை. அவளுக்குப் பழகுவதற்கு நேரமில்லை.

அவள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவள் புருஷன் ஏசுவடியானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஆனைக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். முத்தன்துறை ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு மெஷின் உண்டு. அதை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்து, அன்று சாயங்காலமே பிளாஸ்டிக் உறை போட்டு மூடினார்கள், ஓட்டத் தெரிந்த ஆள் இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். இப்போது திங்கள் காலை ஏறினால் செவ்வாய் காலை இறங்கி, மெஷினில் படுத்து எழுந்து மறுபடி ஏறினால் புதன் இருட்டிய பிறகு வீடு, வியாழன் விடிவதற்குள் மறுபடி பேருந்து. பிளஸ் டூ படிக்கிற மகள் ரூபி, புதன் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அப்பா அம்மா முகத்தைப் பார்த்தாள். உப்பளத்துக் கங்காணி தங்கபுஷ்பத்தின் பேரை எடுத்துவிட்டார்.

அதுகூடப் பெரிதில்லை. ஏசுவடியான் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. சித்திரை வெயிலில், தகரம் காய்கிற பேருந்தில், இருபத்தேழு மணி நேரம் அந்த மனுஷன் நாக்கை உதட்டில் தடவிக்கொண்டே உட்கார்ந்து வருவார். சுற்றிலும் எல்லாரும் தண்ணீர் குடிப்பார்கள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குளத்தில் நிற்கும் கொக்கை எண்ணுவார். தங்கபுஷ்பம் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுப்பாள், கொடுத்துவிட்டு அவளும் குடிக்காமல் வருவாள்.

மாசியில், இழுவை இன்னும் இத்தனை நீளமாகாத நாளில், அவள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தாள். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர்னு கல்லு நட்டிருக்கு. கல்லுல ஒண்ணாவது கூடியிருக்கா?" என்று கேட்டார்.

"கல்லு கூடல சார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கூடிட்டு."

"தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆள் வந்து அளந்துட்டுப் போயாச்சும்மா. தூரம் சரியா இருக்கு."

"அந்த ஆளு எதுல வந்தாவ?"

அதிகாரி மனுவை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். அளக்க வந்தவர் விமானத்தில் வந்து, மேலேயிருந்து எட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த விமானத்திலேயே போய்விட்டார் என்பது ஊருக்கே தெரியும். "அவ்வளவு கஷ்டம்னா ஆனைக்கோட்டையிலேயே தங்கிடலாமே, இல்ல பிளேன்ல போகலாமே" என்றார் அதிகாரி, ரொம்ப நல்ல மனதோடு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கியும் பார்த்தார்கள், மூன்றாம் நாள் காவலாளி தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சாக்கில் விரட்டிவிட்டான். காதுக் கம்மலைக் கழற்றிக்கொண்டு விமான டிக்கெட் கேட்டும் போனாள். சிறுநீரக நோயாளி பறக்கலாம் என்று வைத்தியம் பார்க்கிற டாக்டர் எழுதிய கடிதம் வேண்டும், அது எழுதி இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்றார்கள். டாக்டர் இருந்தது இருபத்தேழு மணி நேரத்துக்கு அப்பால். சிரிக்கவேண்டியதுதான், வேறென்ன செய்ய? தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. வெளியே வந்து கம்மலை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவளுக்கு இந்த விஷயம் புதிதே இல்லை. அவள் தெருவில் ஒரு மாடிவீட்டுக்காரர் நகராட்சிக் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவார், தெருவில் மற்ற குழாயிலெல்லாம் காற்றுதான் வரும், கேட்டால் "உங்களுக்குப் பிரஷர் இல்லை" என்பார். வானத்தில் ஓடுவதும் மோட்டார்தான் என்று அவள் சொன்னாள். தெருப் பெண்கள் யாருக்கும் அதை விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

சித்திரை மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, இழுவைக்குள் பேருந்து பஞ்சராகி, ஏசுவடியான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி முறை வேறொருவருக்குப் போய்விட்டது. டாக்டர் அவர் காலை அமுக்கிப் பார்த்தார், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "வெள்ளிக்கிழமையும் தவறவிட்டா என்னைக் கேக்காதீங்கம்மா" என்றார் டாக்டர்.

வியாழன் விடிகாலை தங்கபுஷ்பம் புருஷனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் நின்றாள். நடத்துநரிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "மூடிக்கு மேல குடுத்திராத தம்பி" என்றாள்.

"நீ எங்கட்டி போற?" என்றார் ஏசுவடியான்.

"மோட்டார நிப்பாட்டப் போறேன்" என்றாள்.

தெருவில் இருபது பெண்கள் குடத்தோடு கிளம்பினார்கள். விமான நிலையத்து வாசலில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தங்கபுஷ்பம் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். உள்ளே எழுபது பேர் இரும்பு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்து தூங்கினார், ஒருவர் போனில் மிட்டாயை வெடிக்கவைத்துக்கொண்டிருந்தார், ஒரு அம்மாள் காலை ஆட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தாள், சுவரில் ஒன்றுமில்லை. வாசல் டீக்கடைக்குச் சிகரெட் பிடிக்க வந்த ஒரு பயணியிடம் அவள் கேட்டாள்.

"அய்யா, பிளேன் ஏழு மணிக்குத்தான? இப்பமே எதுக்கு எல்லாரும் உக்காந்திருக்காவ?"

"ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துரணும்மா. செக்கிங் இருக்கு. அங்க போய் இறங்கி, பெட்டி வர அரைமணி நேரம் ஆகும்."

தங்கபுஷ்பம் விரல்களை மடக்கினாள். இங்கே இரண்டு மணி நேரம், மேலே முப்பத்திரண்டு நிமிடம், அங்கே அரைமணி நேரம். மறுபடி மடக்கினாள். "மூணு மணி நேரம். பஸ்ஸுக்கு ஆனதும் அதே மூணு மணி நேரந்தானய்யா?"

"ஆமா" என்றார் அவர், அன்றுதான் கணக்குப் போட்டதுபோல.

"அப்ப எங்ககிட்ட எடுத்த நேரமெல்லாம் எங்கய்யா?"

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். பிறகு திரும்பி, கண்ணாடிக்கு உள்ளே இரும்பு நாற்காலிகளைப் பார்த்தார்.

அவளுக்கு அப்போது வந்த கோபம் அதுவரை வந்த எந்தக் கோபத்தோடும் சேராதது. எடுத்தவன் அனுபவித்திருந்தால் திருடன் என்று வைதுவிட்டுப் போயிருப்பாள், பசிக்குத் தின்றான் என்றாவது மனம் ஆறியிருக்கும். எவனும் அனுபவிக்கவில்லை. அவள் புருஷன் நாக்கு வறண்டு கொக்கு எண்ணிய நேரமெல்லாம், மகள் ஒற்றையில் உலை வைத்த ராத்திரியெல்லாம், இந்த நாற்காலிகளில் கொட்டிக் கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்து இவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"குடத்த வைங்க" என்றாள்.

வாசலில் தொடங்கி நெடுஞ்சாலை திரும்புகிற இடம்வரை இருபது குடங்களையும் குழாயடி வரிசையில் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் வரிசையில் வைத்த குடம் ஆளுக்குச் சமம், ஆள் கடைக்குப் போயிருந்தாலும் பிள்ளை பெறப் போயிருந்தாலும் அந்தக் குடத்தை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். விமானியை ஏற்றி வந்த வண்டியின் டிரைவர் உள்ளூர்க்காரர், குடத்தைக் கண்டதும் பிரேக்கைப் போட்டு நின்றார். விமானி வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஐம்பது நிமிடம் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை. ஒரு மணி நேரம் தாண்டினால் அந்த நடை ரத்து என்பது அவர்கள் சட்டம். இன்னும் பத்தே நிமிடம் இருக்கும்போது போலீஸ் வந்து குடங்களைக் காலால் எற்றிவிட்டு, தங்கபுஷ்பத்தை வேனில் ஏற்றியது. விமானம் போய்விட்டது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை, அன்று பயணிகள் பட்ட சிரமத்துக்கு ஈடாக வெள்ளிக்கிழமைவரை கூடுதலாக இரண்டு நடை அறிவித்தார்கள். இழுவை இன்னும் ஐந்து மணி நேரம் நீண்டது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய ஏசுவடியான், இனி மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்வார்.

விமான நிலைய வழக்கு என்பதால் அதை விசாரிக்கிற கோர்ட்டு ஆனைக்கோட்டையில் இருந்தது. வெள்ளி காலை பதினொரு மணிக்கு அவளை அங்கே நிறுத்த வேண்டும். கூடுதல் நேரம் கேட்கலாம் என்றால், அரசாங்கக் கணக்குப்படி அது மூன்று மணி நேரப் பயணம், என்ன காரணம் எழுதுவது? ஆகவே, நோயாளிக்குக் கிடைக்காத விமானத்தில், அவன் பெண்டாட்டிக்கு அரசாங்கமே டிக்கெட் எடுத்தது.

வெள்ளி காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெண் காவலர் மாரிக்கனி அவளை விமானத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்ன விமானம். அதன் கதவே கீழே மடங்கிப் படியாகக் கிடந்தது, படியைத் தூக்கினால்தான் கதவு சாத்தும். எழுபது பேரும் ஏறிவிட்டார்கள், இவர்கள் இருவர்தான் பாக்கி. தங்கபுஷ்பம் முதல் படியில் கால் வைத்தாள், இரண்டாம் படியில் வைத்தாள். தான் இதில் ஏறிப் பறக்கிற ஒவ்வொரு நிமிடமும், கீழே நாக்கு வறண்டு வருகிற மனுஷனிடமிருந்து தானே பிடுங்குவது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்றாம் படியில் சேலையை ஒதுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறுங்க" என்றாள் மாரிக்கனி.

"ஏற மாட்டேன். என்னய ரோட்டு வழியா கூட்டிட்டுப் போ."

நிலைய மேலாளர் ஓடி வந்தார், விமானி எட்டிப் பார்த்தார், உள்ளேயிருந்து பயணிகள் கத்தினார்கள். "அம்மா, எல்லாருக்கும் நேரமாகுது!" என்றார் மேலாளர்.

"எங்களுக்கு நாலு மாசமா ஆகுது" என்றாள் தங்கபுஷ்பம்.

"தூக்கும்மா இவங்கள" என்று மேலாளர் மாரிக்கனியிடம் கத்தினார்.

மாரிக்கனி அவளைப் பார்த்தாள். மாரிக்கனியின் அம்மா வீடு ஆனைக்கோட்டையில், பங்குனியில் தங்கச்சி பிரசவத்துக்கு இழுவையைத் தாண்டிப் போக முடியாமல் இங்கேயே இருந்துவிட்டவள் அவள். "ஒத்தையில தூக்க முடியாது சார். படியில விழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். ஸ்டேஷனுக்குச் சொல்லி ரெண்டு பேர வரச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு, பொழுது போகட்டும் என்பதுபோல வானத்தைப் பார்த்து நின்றாள்.

ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவதற்குள் எட்டு மணி ஆனது. ஒலிபெருக்கியில் ஏழு மணி விமானம் ரத்து என்று அறிவித்தார்கள், விமானம் அங்கே போகாததால் அங்கேயிருந்து வரவேண்டிய நடையும் ரத்து என்று சேர்த்து அறிவித்தார்கள். பயணிகள் பெட்டிகளோடு பின்கதவு ஏணி வழியே இறங்கி, மறுபடி இரும்பு நாற்காலிகளுக்குப் போனார்கள். அவர்கள் அங்கே போய் உட்காரும் முன்பே மாரிக்கனியின் பைக்குள் ஒரு போன் அடித்தது. தங்கபுஷ்பத்திடமிருந்து பறிமுதல் செய்த போன் அது. மாரிக்கனி மேலாளரைப் பார்க்காமல் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அக்கா!" என்று நடத்துநர் சுடலைக்கண்ணு கத்தினார். "இழுவை அத்துட்டுக்கா! டீக்கடை, குளம், கெபி, எல்லாம் படபடன்னு பின்னால போயிட்டு, ஆனைக்கோட்டைப் பாலத்துல நிக்கோம்! இந்தா, அண்ணன்ட்ட பேசு."

"எங்கட்டி இருக்க?" என்றார் ஏசுவடியான்.

"பிளேன் படியில உக்காந்திருக்கேன்."

"ஏறிராத."

"ஏற மாட்டேன்."

"மெஷினுக்கு முதல் ஆளா நான்தான் நிப்பேன் போல இருக்கு" என்றார். அவர் குரலைக் கேட்டதும், இரண்டு நாளாக வராத அழுகை அவளுக்கு அங்கேதான் வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மேலாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குரல் இப்போது தணிந்திருந்தது, அடுத்த நடைக்கு இன்னும் முக்கால்மணி நேரம்தான் இருந்தது, ஸ்டேஷனிலிருந்து வந்த ஆட்கள் கேட்டருகே பேசிக்கொண்டு நின்றார்கள்.

"அதான் அவர் போய்ச் சேர்ந்துட்டார்லம்மா. இனி எந்திரிக்கலாம்ல?"

தங்கபுஷ்பம் படியின் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவுக திரும்பி வரணும்லா" என்றாள்.